குமரேசன் எடுக்கவில்லை

தம்பி ரியாஸ்,

உன் நிகழ்ச்சிக்கு நேயர்கள் எழுதும் கடிதங்களை ஒவ்வொரு வாரமும் கடைசியில் வாசிக்கிறாய். இந்த வாரம் உன் அம்மாவுடையதையும் வாசி. வீட்டுக் கடிதமாக எழுதினால் நீ படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். அதனால்தான் உன் நேயர்களில் ஒருத்தியாக எழுதுகிறேன். எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். ஒரு தாளில் எட்டு வரிக்கு மேல் பிடிக்கவில்லை. சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது என்று மதுரை டாக்டர் சொன்னதில் இருந்து தடித்த ஸ்கெட்ச் பேனாவில்தான் எழுதுகிறேன். அதுவும் பெரும்பாலும் மளிகைச் சீட்டு.

புத்தகம் இல்லாமல் அம்மா என்ன செய்வாள் என்று கவலைப்பட்டு, போன பெருநாளைக்கு வந்தபோது என் போனில் உன் நிகழ்ச்சியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவன் நீதான். நீயும் உன் கூட்டாளியும் பெங்களூரில் உட்கார்ந்து சினிமாவைப் பற்றிப் பேசுவதை நான் ஒன்று விடாமல் கேட்டேன். பார்க்காத படங்களை எல்லாம் உன் வாயால் பார்த்தேன். பழைய வீடியோ கேம்களைப் பற்றி நீ எழுதும் வலைப்பதிவையும் போனே எனக்கு வாசித்துச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை வைத்துப் படித்தவள் நான். என் மகன் எழுதுகிறான் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதை இப்போது சொன்னால் நீ நம்பமாட்டாய். பின்னால் வருவது அப்படிப்பட்டது.

திருடர்களை வைத்து எடுத்த படங்களைப் பற்றி நீங்கள் இருவரும் பேசினீர்களே, அந்த நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தொடக்கத்தில் உன் கூட்டாளி, "உன் வாழ்க்கையில திருடனை நேர்ல பாத்திருக்கியா?" என்று கேட்டான். நீ சிரித்துவிட்டு, "எங்க ஊர்ல ஒருத்தன் இருந்தான். கேசட்டு குமரேசன்" என்று தொடங்கினாய். உன் விளையாட்டுக் கேசட்டை அவன் திருடியதாக நீ வலைப்பதிவில் ஏழெட்டு வரியாக எழுதியிருந்த கதை அங்கே கால் மணி நேரம் ஓடியது. நன்றாகச் சொன்னாய். குமரேசன் நம் வீட்டில் இருந்து போகும்போது அவன் சட்டைப் பை உப்பியிருந்தது என்றாய். நீ அப்போது பள்ளிவாசலில் இருந்தாய், ரியாஸ். அவன் போனதை நீ பார்க்கவே இல்லை. அவன் அன்றைக்குப் போட்டிருந்த சட்டையில் பையும் கிடையாது, கிழிந்து போயிருந்தது. ஒரு கதை தடையில்லாமல் நன்றாக வந்தால் கொஞ்சம் சந்தேகப்படு. உனக்கு நான் சொல்ல நினைக்கும் புத்திமதிகளில் இது முதலாவது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரம் செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரு விளையாட்டுச் செய்திருப்பதாகச் சொன்னாய். போனில் திறந்தால் ஒரு பொம்மைப் பையன் வருவான், அவன் பெயர் கேசட்டு குமரேசன், நாம் கேள்வி கேட்டால் நம் ஊர்ப் பேச்சிலேயே பதில் சொல்லுவான், மூன்று கேள்வியில் அவனை ஒத்துக்கொள்ள வைத்தால் நாம் இன்ஸ்பெக்டர். ஆயிரம் பேர் விளையாடினார்களாம். உன் கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான்.

ஒரு வாரம் கழித்து, காலை பத்து மணி இருக்கும், வாசலில் சைக்கிள் நின்றது. குமரேசன் வந்திருந்தான். தாடி இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரிந்தது, உனக்கும் நரைத்திருக்குமே. கோட்டையூரில் இரண்டு தெரு தள்ளி இருந்தும் அவன் நம் வாசற்படி ஏறி இருபது வருடத்துக்கு மேலாகிறது. உள்ளே வரச் சொன்னேன். வராமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"அம்மா, நல்லா இருக்கீகளா? கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"இருக்குடா. நீ உருவமாத் தெரியுற, மூஞ்சி தெரியல."

"அதுவும் நல்லதுதான்" என்று சிரித்தான். பிறகு சொன்னான்: "ரியாஸு பேசுனதக் கேட்டேம்மா. நல்லாத்தான் பேசுறான். நானே சிரிச்சுட்டேன்னா பாத்துக்கங்க. ஆனா எம் மக எட்டாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துல யாரோ ரியாஸு பேசுனதையும் அந்த விளையாட்டையும் போட்டுக் காமிச்சிருக்காக. வீட்டுக்கு வந்து, 'ஏப்பா, நீ ஒத்துக்கிட்டியாமே'ன்னு கேக்குறா. நான் என்னைக்கும்மா ஒத்துக்கிட்டேன்? எங்கப்பா அந்த அடி அடிச்சப்பவே ஒத்துக்கலையே."

கதவின் மறுபக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன்.

"மத்தபடி அவன் என்னமும் பேசட்டும். அந்தப் பேர மட்டும் எடுத்துரச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாக் கேப்பான்."

"சொல்றேன்டா" என்றேன். அவன் கதவை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்து, "கீழ இழுக்குது. ஒரு நா வந்து இழைச்சு விடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சொல்றேன் என்று சொன்னவள் உடனே உனக்குப் போன் செய்திருக்கலாம். பெயரை எடுத்துவிடு, அவன் வருத்தப்படுகிறான் என்று சொன்னால் போதும், நீ எடுத்திருப்பாய், நல்ல பிள்ளைதான். அப்படிச் செய்திருந்தால் நான் மறுபடியும் தப்பித்திருப்பேன்.

அந்தக் கேசட்டை எடுத்தது நான்.

எப்படி என்று கேள். நீ பத்தாம் வகுப்பு. அரைப் பரீட்சைக் கணக்குத் தாளை உன் சாமான்களுக்கு நடுவில் கண்டுபிடித்தேன், முப்பத்தொன்று. உன் அத்தா வெளிநாட்டுச் சபரில் இருந்து விடுப்பில் வந்திருந்த நேரம். துபாயில் இருந்து அவர் வாங்கி வந்த டி.வி.யில் மாட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டிக்கு முன்னால்தான் நீயும் குமரேசனும் சோறு, தூக்கம் எல்லாம். மஞ்சள் கேசட். மேலே ஒட்டியிருந்த தாளில் ஆயிரக்கணக்கில் ஆட்டம் இருப்பதாகப் போட்டிருந்தது. நான் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்பதுதான். அந்த ஒன்பதே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தது. அதற்காகவா என் பிள்ளை கணக்கில் விழுந்தான் என்று எனக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமை. நீயும் அத்தாவும் ஜும்ஆவுக்குப் போயிருந்தீர்கள். குமரேசன் உன்னைத் தேடி வந்தான். கொஞ்ச நேரம் தனியாக விளையாடினான், நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டான், அப்பா தேடுவார் என்று போய்விட்டான். அவன் தெருமுனை திரும்பியதும் நான் கேசட்டை உருவினேன். சூடாக இருந்தது. என் பள்ளிக்கூட நோட்டுகள் வைத்திருக்கும் தகரப் பெட்டியில் அடியில் போட்டுப் பூட்டினேன். பரீட்சை முடிந்ததும் கொடுத்துவிடலாம், மூன்று மாதம்தானே. இதைவிடப் பெரிய யோசனை என்னிடம் இல்லை.

தொழுகை முடிந்து வந்து கேசட்டைக் காணோம் என்று நீ அழுதாய். அத்தா கேட்டார்: "வீட்டுக்கு யாரு வந்தா?"

"குமரேசன் வந்தான். கொஞ்ச நேரம் விளையாண்டான். சோறு தின்டுட்டுப் போனான்."

"சோத்தையும் போட்டு, கேசட்டையும் குடுத்தனுப்பிச்சியாக்கும்" என்றார் அத்தா.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பார்த்தாயா. நீ எடுத்தாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன், தெரியவில்லை. அத்தாவுக்குப் பயம் ஒரு பக்கம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருகிற மனுஷன் பிள்ளைக்கு ஆசையாக வாங்கி வந்ததை ஒளித்து வைத்தவள் என்று தெரிந்தால் பெரிய சண்டை வரும். ஆனால் பயத்தை மட்டும் சொல்லித் தப்பிக்கமாட்டேன். குமரேசன் உன்னைவிட்டுப் போனால் நீ படிப்பாய் என்ற கணக்கும் அந்த ஒரு நிமிடத்தில் என் மனதுக்குள் போட்டு முடிந்துவிட்டது. உண்மையை மட்டுமே பேசி ஒரு பிள்ளையைக் குழியில் தள்ளலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நீயும் அத்தாவும் குமரேசன் வீட்டுக்குப் போனீர்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். அவர்கள் வாசலுக்கு எதிரே குழாயடியில் நின்றேன். குமரேசனின் அப்பா, மர ஆசாரி, உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"பாய் கேக்குறாகள்ல. எடுத்தியாடா?"

"எடுக்கலப்பா."

"நீதான்டா கடைசியா விளையாண்ட" என்றாய் நீ. "அம்மாவே சொல்லிருச்சு."

அம்மாவே சொல்லிருச்சு. அந்த நேரத்தில் குமரேசன் திரும்பிக் குழாயடியைப் பார்த்தான். நான் குடத்துக்குள் பார்த்துக்கொண்டேன்.

ஆசாரி கைக்கு எட்டியதை எடுத்தார். அது மரம் அளக்கிற அவருடைய முழக்கோல். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற கோல், பிள்ளைகள் அதைத் தாண்டினால்கூடத் திட்டுவார். நம் வீட்டுப் பரணுக்குப் பலகை அடிக்க வந்தபோது அவர் அதைச் சுவரில் சாய்த்து வைக்கும் பவ்வியத்தை நானே பார்த்திருக்கிறேன். அதை வைத்து மகனை அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் "எடுக்கல" என்றான். நான் எண்ணினேன், ஏழு. ஏழாவது அடியில் கோல் முறிந்தது. அத்தா, "போதும் ஆசாரி, விடும்" என்று உன்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். உன் நிகழ்ச்சியில் இந்த இடத்தை, "அவங்கப்பா சாத்து சாத்துன்னு சாத்திட்டாரு" என்று ஒரே வரியில் தாண்டிப் போனாய்.

மூன்றாம் நாள் குமரேசனின் அம்மா நம் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வரவில்லை. நான் கொடுத்த டீயைக் குடித்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீக. உங்க வீட்டச் சொல்லல. நாங்க கொல்லங்குடிக்குப் போயி காசு வெட்டிப் போட்டுட்டு வந்துட்டோம். எம் புள்ள எடுத்திருந்தா அவன் கண்ணு போகட்டும், வேற யாரும் எடுத்திருந்தா அவுக கண்ணு போகட்டும். இனி ஆத்தா பாத்துக்கிருவா. உங்களுக்கும் பொருள் கெடைச்சிரும்."

களவு போனவர்களும் பழி சுமந்தவர்களும் அந்தக் காளி கோயிலில் காசை உளியால் வெட்டிப் போட்டு முறையிடுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நமக்கு அதில் நம்பிக்கை கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் சொல்கிறேன், என் கண்ணைக் கெடுத்தது சர்க்கரைதான், வாயைக் கட்டாததுதான். ஆனால் மதுரையில் டாக்டர் என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அவள் டீக் குடித்த டம்ளர்தான்.

பரீட்சை முடிந்தது. கொடுத்திருக்கலாமே என்பாய். எப்படிக் கொடுப்பது? மூன்று மாதத்தில் அந்தக் கேசட் வேறு பொருளாகிவிட்டது. அதை வெளியே எடுத்தால் கூடவே முறிந்த கோலும் வெட்டிய காசும் வெளியே வரும். குமரேசன் அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. வகுப்பில் அவனை எல்லோரும் கேசட்டு என்று கூப்பிட்டார்கள், அவன் போவதை நிறுத்திவிட்டான். நீ படித்தாய். நன்றாகவே படித்தாய். கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அத்தா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். ஆசாரி வீட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. உன் படிப்பு, உன் வேலை, இன்றைக்கு நீ வைத்துப் பேசுகிற அந்த மைக் வரைக்கும் எதன் மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். உனக்கும் இனித் தெரியட்டும்.

ஒன்று சொன்னால் உனக்கு என் மேல் இன்னும் கோபம் வரும். எனக்கு இது புதிது இல்லை. நான் ஒன்பதாவது படிக்கும்போது என் அத்தா என் நூலக அட்டையை எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். பொம்பளைப் பிள்ளை படித்தது போதும் என்று. நான் இரண்டு நாள் வீடு முழுக்க அட்டையைத் தேடினேன். அவர் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அந்த முகத்தை நான் வெறுத்தேன். பிறகு அதே முகத்தோடு உனக்குச் சோறு போட்டேன். நமக்கு நடந்த அநியாயம் நம்மை நல்லவர்களாக ஆக்கிவிடும் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். நம்பாதே.

உன் அத்தா மௌத்தாகி ஆறு வருடம். உயிரோடு இருந்தவரை அவரிடமும் நான் சொல்லவில்லை. படைத்தவனிடம் எத்தனையோ தடவை அழுதுவிட்டேன். ஆனால் ஆளுக்குச் செய்த தீங்கை அந்த ஆள்தான் பொறுத்து மன்னிக்க வேண்டும் என்பது சின்ன வயதில் ஓதப் போன இடத்திலேயே சொல்லிக் கொடுத்தது.

குமரேசன் வந்துவிட்டுப் போன அன்று மத்தியானம் உன் விளையாட்டைத் திறந்தேன். "குமரேசா, கேசட்ட நீயா எடுத்த?" என்று போனிடம் கேட்டேன். "கேசட்டா? இருங்க, எங்க ஆட்டுக்குட்டியக் கேட்டுட்டு வாரேன்" என்றது. நம் ஊர்ப் பேச்சை அச்சாகப் பிடித்திருக்கிறாய். இரண்டாவது கேள்விக்கும் ஏதோ நையாண்டி. மூன்றாவதுக்கு, "சரி சரி, நான்தான் எடுத்தேன், விட்டுருங்க" என்றது. கைவிலங்குச் சத்தம், மேளம். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் ஒத்துக்கொண்டது. ஏழு அடிக்கு ஒத்துக்கொள்ளாதவன் உன் போனில் மூன்று கேள்விக்கு ஒத்துக்கொள்கிறான்.

நான் அதனிடம், "இல்லடா, நீ எடுக்கல. நான்தான் எடுத்தேன்" என்றேன். என் வாழ்க்கையில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான் முதல் தடவை. அது என்ன சொன்னது தெரியுமா? "நீங்க என்னையக் காப்பாத்தப் பாக்குறீக. அதெல்லாம் வேணாம், நான்தான் எடுத்தேன்." திரும்பத் திரும்பச் சொன்னேன். அது நம்பவே இல்லை. நீ அதை அப்படிச் செய்திருக்கிறாய். உன்னை அப்படிச் செய்தது நான்.

நேற்றுக் காலையில் தகரப் பெட்டியைத் திறந்து கேசட்டை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான்கள் விற்கிற கடைகளுக்குப் பின்னால் குமரேசனுக்கு வேலை. ஏதோ பெரிய வீட்டுக் கதவைப் படுக்கப்போட்டுப் பெயின்ட் சுரண்டிக்கொண்டிருந்தான். முக்காலி எடுத்துப் போட்டான். நான் உட்காராமல் கேசட்டை அந்தக் கதவின் மேல் வைத்தேன்.

"என்னம்மா இது?" என்று குனிந்து பார்த்தான்.

"நான்தான்டா எடுத்தேன். ரியாஸு படிக்கணும்னு எடுத்து ஒளிச்சு வச்சேன். உங்கப்பா அடிச்சப்ப குழாயடியிலதான் நின்டேன்."

"நின்டீக. பாத்தேன்" என்றான். சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கப்பா போன வருசம்தாம்மா போனாரு" என்றான். "சாகுறதுக்கு முன்னாடிகூடக் கேட்டாரு. 'இப்பவாச்சும் சொல்லுடா, எடுத்தியா'ன்னு. எடுக்கலன்னேன். சரின்னாரு. நம்பலம்மா, கண்ணு சொல்லுச்சு. ஒரு வருசம் முந்தி வந்திருக்கக் கூடாதா நீங்க?"

என்னைப் பொறுத்துக்கொள் என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியலம்மா. இப்பக் கேட்டா என்ன சொல்றது?"

கேசட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இதக் கொண்டுக்கிட்டுப் போயிருங்க. எங்கிட்ட இருந்து யாராச்சும் பாத்தா, அன்னைக்கு எடுத்தவன் இப்பத்தான் வெளிய எடுக்குறான்னு சொல்லுவாக."

கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் மகளிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "நீங்க சொன்னா, வயசானவுக பாவம் பாத்துச் சொல்றாகன்னு நெனைச்சுக்கிருவா. அவ கேட்டது ரியாஸு கொரல. அவனே சொல்லட்டும்." பிறகு என்னை பஸ் ஏற்றிவிட அவனே வந்தான். படியில் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான், கண் தெரியாதவள் என்று.

ஆகவே கேசட்டை இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்புகிறேன். பழைய கேசட்டுகளைச் சேர்க்கிறாயே, சேர்த்துக்கொள். உன் வலைப்பதிவில் அதன் படத்தைப் போட்டு, யாரிடம் இருந்தது என்று எழுது. அந்த விளையாட்டை அழித்துவிடு. அழிக்க மனம் வராவிட்டால், அந்தப் பொம்மைக்கு ஒன்றைச் சொல்லிக்கொடு: யார் எத்தனை தடவை கேட்டாலும், அடித்தாலும், எடுக்கல என்று மட்டும் சொல்லட்டும். என் மீது கோபம் வந்தால் வரட்டும். இந்தப் பெருநாளைக்கு வராவிட்டாலும் நான் கேட்கமாட்டேன். ஆனால் நீயும் பதினைந்து வயதில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவனை நம்பாமல் இருந்தாய், அதை என் தலையில் முழுவதுமாக ஏற்றிவிடாதே.

கொஞ்ச நாளாக நேயர் கடிதங்களைச் செயற்கை நுண்ணறிவு செய்த குரலில் வாசிக்க வைத்து வேடிக்கை காட்டுகிறீர்கள். கிழவி குரல்கூட ஒன்று வைத்திருக்கிறீர்கள், கேட்டேன். இதற்கு அது வேண்டாம். நீயே வாசி. நடுவில் சிரிக்காதே, உன் கூட்டாளியையும் சிரிக்க விடாதே. முதலில் தலைப்பை வாசி, நிதானமாக. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும்.

உன் அம்மா